லவ் பேர்ட்ஸ் வாங்கும் முன்: நல்ல பட்ஜியைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பதினான்கு வருடமாக மொட்டை மாடியில் பட்ஜி வளர்க்கிறேன். முதன்முதலில் வாங்கிய ஜோடியில் ஒன்று நான்காம் நாள் காலை கூண்டின் தரையில் கிடந்தது. அந்த ஜோடியை வாங்க நான் எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. நிறத்தைப் பார்த்தேன், விலை கேட்டேன், அட்டைப்பெட்டியோடு பஸ் ஏறிவிட்டேன். கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் அது இறகை உப்பி உட்கார்ந்திருந்ததும், மூச்சுக்கு மூச்சு அதன் வால் துடித்ததும் கண்ணில் பட்டிருக்கும். அன்றிலிருந்து பறவை வாங்கப் போகிற எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்.

லவ் பேர்ட்ஸ், பட்ஜி, கிளி எல்லாம் ஒன்றுதானா?

நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜிதான். முழுப் பெயர் பட்ஜரிகார். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் பெருங்கூட்டமாகத் திரியும் சிறிய புல்வெளிக் கிளி அது. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு உலகம் முழுக்கப் பரவியது. உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. குட்டை வால், பெரிய அலகு, குரலும் அதிகம். அதனால்தான் வளர்ப்பவர்கள் அதை ‘ஆப்பிரிக்கன்’ என்று தனியாகச் சொல்கிறார்கள். போனில் பேசும்போதே எது என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விலையிலும் குணத்திலும் நிறைய வித்தியாசம். இங்கே நான் சொல்வதெல்லாம் பட்ஜிக்கு.

எனக்குப் பச்சைக்கிளிதான் வேண்டும். குஞ்சாகக் கிடைக்குமா?

கேட்டால் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். கழுத்தில் வளையம் உள்ள நம் ஊர்ப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி உள்ளிட்ட இந்தியக் கிளிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். ‘என் வீட்டுக் கூண்டில் பிறந்தது’ என்று விற்பவர் சொன்னாலும் கதை மாறாது.

சட்டத்தை விடுங்கள், அந்தக் குஞ்சு வரும் வழியைப் பாருங்கள். பனை, தென்னைப் பொந்துகளில் கையை விட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளை எடுக்கிறார்கள். சாக்கில் மூச்சுத் திணறியும் பசியிலும் வழியிலேயே சாகிறவை பல. மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் கிளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆசை எனக்கும் புரியும். ஆனால் அந்தக் கிளி மரத்தில் இருக்க வேண்டியது. பட்ஜியோ பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்வது. அதற்கு இந்தச் சட்டச் சிக்கல் இல்லை.

சந்தை, கடை, பிரீடர் - எங்கே வாங்குவது நல்லது?

வீட்டில் குஞ்சு எடுத்து விற்பவரிடம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரியான இடங்களில் எல்லா நிறமும் ஒரே பார்வையில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அங்கே பல வீட்டுப் பறவைகள் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் வெயிலில் நிற்கின்றன. ஒன்றின் சளியும் எச்சத்தூசியும் இன்னொன்றுக்குப் போய்ச் சேர ஒரு பகல் போதும். அதோடு, வயது என்ன, பெற்றோர் எவை, இதுவரை என்ன சாப்பிட்டது என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. பிரீடர் வீட்டில் தாயும் தகப்பனும் கண்முன்னே இருக்கும்.

பிரீடர் வீட்டுக்குப் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பறவையைப் பார்க்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள்.

கிண்ணத்தின் உள்சுவரைத் தடவினால் வழவழப்பாக இருக்கிறதா, எச்சம் மிதக்கிறதா என்பதிலேயே அந்த வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். தண்ணீர் மஞ்சளாக இருந்தால் ஏதோ பொடி கலந்திருக்கிறார்கள். சத்து மருந்தாகவும் இருக்கலாம், ஆன்டிபயாட்டிக்காகவும் இருக்கலாம். எது, ஏன் என்று கேளுங்கள். தயங்காமல் சொல்பவரை நம்பலாம். பேச்சை மாற்றினால் நீங்களும் கிளம்பிவிடலாம்.

அடுத்தது தரை. தட்டில் ஒரு நாள் எச்சம் இருப்பது இயல்பு. அடை அடையாக ஏறியிருந்தால் இயல்பில்லை. உள்ளே நுழைந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறினால், அதே காற்றை இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசித்த பறவைகளின் நுரையீரல் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பிறகு கூட்டத்தை மொத்தமாகப் பாருங்கள். ஒரு மூலையில் இரண்டு பறவைகள் உப்பி உட்கார்ந்திருந்தால், அதே கூண்டில் துள்ளிக்கொண்டிருக்கும் மூன்றாவதையும் வாங்க வேண்டாம். நோய் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

முட்டையிடக் கூண்டில் கட்டியிருக்கும் பானைகளையும் கவனியுங்கள். ஒரு தாய் நான்கிலிருந்து ஆறு முட்டை வரை ஒன்றுவிட்டு ஒரு நாளாக இடும். சுமார் 18 நாளில் பொரியும். குஞ்சு பானையை விட்டு வெளியே வர ஐந்து வாரம் ஆகும். இந்த உழைப்பை ஓய்வே கொடுக்காமல் வருடம் முழுக்க வாங்கினால் தாய் எலும்பும் தோலுமாகிவிடும், குஞ்சுகளும் சிறுத்துப் போகும். இரண்டு மூன்று ஈடுக்கு (ஒரு முறை இட்டுப் பொரிக்கும் முட்டைகள் ஒரு ஈடு) பிறகு பானையை இறக்கிவிடுகிறேன், கடும் கோடையில் குஞ்சு எடுப்பதில்லை என்று ஒருவர் சொன்னால், அவரிடம் காத்திருந்து வாங்குவது மேல்.

போக நல்ல நேரம் எது?

காலை ஏழிலிருந்து ஒன்பது, அல்லது சாயங்காலம் நான்கரைக்கு மேல். மதியத்தில் எல்லாப் பறவையும் தூங்கும். தூங்குகிற பறவையை நோய்ப்பறவையிலிருந்து பிரித்தறிவது புதியவர்களுக்குக் கஷ்டம். ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன்: நலமாகத் தூங்கும் பறவை பெரும்பாலும் ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு காலையும் ஊன்றி, உடம்பை உப்பி, பகலில் கண்ணை மூடி மூடித் திறப்பது நல்ல அறிகுறி இல்லை.

நோயில்லாத குஞ்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் ஒரு சிக்கலைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பட்ஜி பிறருக்கு இரையாகும் பறவை. காட்டில் சோர்ந்து தெரிந்தால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். ஆகவே முடிந்தவரை நோயை மறைக்கும். புது மனிதர் கூண்டருகே வந்தால் நோய்ப்பறவைகூட உடம்பைச் சுருக்கி விறைப்பாக நின்று நடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அந்த நடிப்பு நிற்காது. அதற்காகத்தான் அரை மணி நேரம் கேட்கிறேன். கூண்டிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, ஒரு ஸ்டூலைப் போட்டு, பிரீடரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பாருங்கள்.

முதலில் மூச்சு. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுக்கு சிரமப்படுகிறது என்று அர்த்தம். பறந்து வந்து இறங்கிய உடனே ஆடுவது வேறு, அது ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, டிக் டிக் என்று சத்தம் வருவது இரண்டும் ஆகாது.

அடுத்து தீனி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘நல்லா சாப்பிடுது பாருங்க’ என்று காட்டுவார்கள். சோர்ந்த பறவையும் தீனிக் கிண்ணத்தில் உட்கார்ந்து கொத்திக்கொண்டே இருக்கும், ஆனால் விழுங்காது. தினையை அலகில் உருட்டி, உமியை உதறித் தள்ளுகிறதா என்று பாருங்கள். உமி பறந்தால்தான் சாப்பாடு. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிற ஒரு நோயும் உண்டு. வயிற்றில் வளரும் ஒரு வகைப் பூஞ்சையால் வருவது. எச்சத்தில் செரிக்காத தினை முழுசு முழுசாகத் தெரிந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

நல்ல எச்சம் சின்னதாக, கரும்பச்சைச் சுருளும் நடுவில் வெள்ளையுமாக இருக்கும். சில நிமிடங்களில் காய்ந்துவிடும். பின்பக்க இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வயிற்றுப்போக்கு.

இவ்வளவும் சரியாக இருந்தால் கையில் எடுக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து இருக்கும்படி, முதுகு உள்ளங்கையில் படும்படி பிடிக்க வேண்டும். மார்பை அழுத்தவே கூடாது. நெஞ்சு விரிந்து சுருங்கித்தான் பறவைக்கு மூச்சு, இறுக்கிப் பிடித்தாலே செத்துவிடும். இன்னொரு விரலால் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பின் இரண்டு பக்கமும் சதை மேடிட்டு இருக்க வேண்டும். கத்தி முனை போல எலும்பு மட்டும் தட்டுப்பட்டால் மெலிந்த பறவை. உப்பிய இறகுக்குள் இந்த மெலிவு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதனால் தொட்டுப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

கண் ஈரப் பளபளப்போடு, நீர் வடியாமல் இருக்கட்டும். மூக்குத் துளைக்கு மேலே உள்ள இறகு ஒட்டியிருந்தால் சளி. அலகைச் சுற்றிச் சுண்ணாம்பு பூத்தது போலப் பொரிந்து, நுணுக்கமான துளைகள் தெரிந்தால் அது ஒருவகை உண்ணி. மருத்துவரிடம் காட்டினால் குணமாகும், ஆனால் மற்ற பறவைக்கும் பரவும். காலில் முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு விரல், எல்லாவற்றிலும் நகம். கால் பக்கவாட்டில் விரிந்து தவளை போல உட்காரும் குஞ்சைத் தவிருங்கள்.

கடைசியாக இறக்கையும் வாலும். நீள இறகுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டிப்போய், பறக்க முடியாமல் தரையில் ஓடுகிற குஞ்சுகள் சில வீடுகளில் இருக்கும். ‘இறகு மாத்துது சார், வந்துடும்’ என்பார்கள். குஞ்சுப் பருவத்தில் இப்படி ஆவது பெரும்பாலும் வைரஸ் நோய். அப்படி ஒன்றைப் பார்த்தால் அந்த வீட்டிலிருந்து எதையுமே எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கை கழுவி, உடையை மாற்றிவிட்டுத்தான் உங்கள் பறவைகளிடம் போக வேண்டும்.

பாவமாக இருக்கிறதே என்று நோஞ்சான் குஞ்சை வாங்கலாமா?

நானும் வாங்கியிருக்கிறேன். மூன்று முறை. ஒன்று பிழைத்தது. பணம் கொடுத்து வாங்கினால் அந்த இடத்தில் இன்னொரு நோய்க்குஞ்சு வந்து உட்காரும், உங்கள் வீட்டில் உள்ள மற்றவையும் ஆபத்தில் மாட்டும். மனது கேட்கவில்லை என்றால், மருத்துவரிடம் காட்டச் சொல்லி பிரீடரிடம் வலியுறுத்துங்கள்.

குஞ்சின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது?

நெற்றியைப் பாருங்கள். இளங்குஞ்சுக்கு மூக்கு வரைக்கும் கறுப்புக் கோடுகள் வரி வரியாக இறங்கியிருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு மாற்றம் வரும்போது முன்நெற்றி வெளுத்து, கோடு பின்தலைக்குப் போய்விடும். கண்ணும் சொல்லும். குஞ்சுக்குக் கண் முழுக்கக் கறுப்பு. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல கறுப்பைச் சுற்றி வெளிர் வளையம் வரும். முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் நெற்றிக் கோடு தெரியாது, சிலவகைப் புள்ளிப் பறவைகளுக்கு வளையம் கடைசி வரை வராது. அவற்றுக்குப் பிரீடரின் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி.

சிலர் குஞ்சுக்குப் பத்து நாள் ஆவதற்குள் காலில் மூட்டில்லாத வளையம் போட்டு வருடம் பொறித்திருப்பார்கள். கால் பருத்த பிறகு அந்த வளையத்தை ஏற்ற முடியாது என்பதால் அதில் உள்ள வருடத்தை நம்பலாம்.

பழக்கி வளர்க்க ஏற்ற வயது ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை. ஆறு வாரத்துக்கு முன்னால் வேண்டாம்.

ஆணா, பெண்ணா? எப்படிப் பார்ப்பது, எது நல்லது?

அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் சதைப்பகுதியைத்தான் வளர்ப்பவர்கள் ‘மூக்கு’ என்பார்கள். வளர்ந்த ஆணுக்கு அது நீலம். வளர்ந்த பெண்ணுக்கு வெளிறிய நிறம் அல்லது காப்பி நிறம், முட்டைப் பருவத்தில் சொரசொரப்பாகத் தடித்துவிடும். குழப்பம் குஞ்சில்தான். ஆண் குஞ்சுக்கு மூக்கு முழுக்க ஒரே சீரான ரோஸ் அல்லது கத்தரிப்பூ நிறம். பெண் குஞ்சுக்கு வெளிர் நீலம், துளையைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம். நீலத்தைப் பார்த்து ஆண் என்று நினைத்து வாங்கி, பிறகு முட்டை வைத்ததும் திகைத்தவர்கள் பலர். சிவப்புக் கண் உள்ள மஞ்சள், வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கு வயதானாலும் மூக்கு ரோஸாகவே இருக்கும். வளர்ந்த ஆணின் நீல மூக்கு காப்பி நிறத்துக்கு மாறினால் அது உள்ளே கட்டி வளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். வாங்காதீர்கள்.

வீட்டுச் செல்லமாக ஒன்றோ இரண்டோ போதும் என்றால் என் ஓட்டு ஆணுக்கு. ஆண் அதிகம் பேசும், பாடும், சண்டை குறைவு. பெண்ணுக்குக் கடி பலமாக இருக்கும், முட்டை சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆனால் பெண் பட்ஜி துணிச்சல்காரி. எங்கள் வீட்டில் திறந்த கூண்டிலிருந்து முதலில் வெளியே வந்து சாப்பாட்டு மேசையைச் சோதித்தது ஒரு பெண்தான்.

ஒன்று வாங்குவதா, ஜோடியாகவா?

பட்ஜி கூட்டமாக வாழும் பறவை. நாள் முழுக்க வீட்டில் ஆள் இருந்து பேசிக்கொண்டிருக்க முடியாது என்றால் ஒன்றாக வைக்காதீர்கள், ஏங்கிப்போகும். இரண்டு ஆண்கள் நன்றாக ஒத்துப்போகும். ஆணும் பெண்ணும் வேண்டுமென்றால் பானை கட்டாமல் வையுங்கள், அநேகமாக முட்டை வராது. இரண்டு பெண்களைச் சின்னக் கூண்டில் அடைப்பது இரத்தக்காயத்தில் முடியலாம்.

‘ஜோடியாக வாங்கினால் மனிதரோடு பழகாது’ என்பது பாதி உண்மை. முதலில் ஒன்றை வாங்கிப் பழக்கி, ஒன்றிரண்டு மாதம் கழித்துத் துணை சேர்த்தால் இரண்டாவது முதலாவதைப் பார்த்தே கைக்கு வந்துவிடும்.

கையில் ஊட்டி வளர்க்க, கண் திறக்காத குஞ்சு கேட்கலாமா?

வேண்டாம். சிரிஞ்சில் மாவுக் கரைசல் ஊட்டுவது பழகிய கைக்குத்தான். சூடு கூடினால் கழுத்துப்பை வெந்துவிடும், வேகம் கூடினால் நுரையீரலுக்குள் போய்விடும். தாய் தகப்பன் ஊட்டி வளர்த்த குஞ்சை, பானையில் இருக்கும்போதே பிரீடர் தினமும் சில நிமிடம் கையில் எடுத்துப் பழக்கியிருந்தால் அதுவே போதுமானது. உங்கள் கையை நீட்டும்போது அந்தக் குஞ்சு ஒரு கணம் பதறிவிட்டு நிதானமாகிறதா, மூலைக்குப் போய் நடுங்கிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த நிறம் பலமானது? இங்கிலீஷ் பட்ஜி நல்லதா?

நிறத்துக்கும் பலத்துக்கும் நேரடித் தொடர்பில்லை, விலைக்குத்தான் தொடர்பு. அரிய நிறம் வேண்டி ஒரே குடும்பத்துக்குள் சேர்த்துக் குஞ்சு எடுக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பெரிய தலையும் கண்ணை மறைக்கும் இறகுமாக இருக்கும் இங்கிலீஷ் வகை கண்காட்சிக்காக உருவானது. சாது, அழகு, ஆனால் பொதுவாக ஆயுள் குறைவு. முதல் பறவைக்குச் சாதாரண பட்ஜியே நல்லது.

பேசுமா?

சில ஆண்கள் பேசும். கலிபோர்னியாவில் வளர்ந்த பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பறவை பேசும் என்று எந்தப் பிரீடராலும் உத்தரவாதம் தர முடியாது. தந்தால் நம்பாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கித் தரலாமா?

நல்ல பராமரிப்பில் ஐந்திலிருந்து பத்து வருடம் வரை இருக்கும். இன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் கூண்டைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். நீங்கள் செய்வதாக இருந்தால் வாங்குங்கள்.

பறவையிடமிருந்து நமக்கு நோய் வருமா?

அரிது, ஆனால் வரும். கிளிக் காய்ச்சல் எனப்படும் பாக்டீரியாத் தொற்று, காய்ந்த எச்சத்தூசியைச் சுவாசிப்பதால் பரவும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று தொடங்கி நிமோனியா வரை போகலாம். புதுப் பறவை வந்த சில வாரங்களில் அப்படி வந்தால் ‘வீட்டில் கிளி இருக்கிறது’ என்று மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். மருந்துக்குக் கேட்கும் நோய்தான். கூண்டைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளிப்பது நல்ல பழக்கம். ஆஸ்துமா உள்ளவர்கள் வாங்கும் முன்பே பிரீடர் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்வது?

பிரீடரிடம் அது சாப்பிட்டுக்கொண்டிருந்த தீனியிலேயே ஒரு வாரத்துக்கு வாங்கி வாருங்கள். தினையிலிருந்து வேறு கலவைக்கு மாற்றுவது, கொத்தமல்லி, முருங்கைக்கீரை பழக்குவது, கடல்நுரை (கணவாய் ஓடு) கட்டுவது எல்லாம் மெதுவாக நடக்கலாம். பிரீடர் வீட்டிலிருந்து வெயில் ஏறும் முன் பறவையோடு கிளம்புங்கள். முதல் இரண்டு நாள் கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒட்டாத (நான்ஸ்டிக்) வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுபத்தியும் அதற்கு ஆகாது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதுப் பறவை வாங்காதீர்கள். இடம் பழகாத குஞ்சு வெடிச்சத்தத்தில் கம்பியில் மோதிக் கழுத்தை ஒடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே பறவைகள் இருந்தால் புதியதை வேறு அறையில் குறைந்தது 30 நாள் தனியாக வையுங்கள். தீனி வைப்பதும் சுத்தம் செய்வதும் பழையவற்றுக்கு முதலில், புதியதற்குக் கடைசியில்.

வந்து சில நாளில் சோர்ந்துவிட்டால்?

காத்திருக்காதீர்கள். பட்ஜியின் எடையே முப்பது நாற்பது கிராம்தான். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் தாங்காது. மருந்துக்கடையில் கேட்டு எதையும் தண்ணீரில் கலக்கவும் வேண்டாம். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வெளியிலிருந்து 40 வாட் குண்டு பல்பு போட்டு வெதுவெதுப்பாக்குங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும், வேண்டிய இடத்தை அது தேடிக்கொள்ளும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. எனவே பறவை வாங்கும் முன்பே விசாரித்து ஒருவருடைய எண்ணை வைத்திருங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கூண்டைத் துணியால் மூடி எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் தட்டில் போட்டிருந்த, எச்சம் விழுந்த தாளை மடித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.